வீட்டில் விறகு அடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஸ் சிலிண்டர் விலை ஏறும்போதும், புது வீட்டுக்கு வரைபடம் போடும்போதும், மார்கழிக் குளிரில் வெந்நீர் தேவைப்படும்போதும் விறகு அடுப்பைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகமாகிவிடுகிறார்கள். கொத்தனார்களோடு நின்று அடுப்பு கட்டவைப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் சமைக்கவும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் கட்டுகிற செங்கல், மண் அடுப்பைப் பற்றியவை. மலை ஊர்களில் குளிருக்காக வைக்கும் அடுப்புக்கு 17, 18-ஆம் கேள்விகளைப் பாருங்கள்.

1. காஸ் இருக்கும்போது விறகு அடுப்பு தேவையா?

தினசரிச் சமையலுக்குத் தேவையில்லை. விறகுப் புகையில் இருக்கும் நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகக்கூடியவை. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய இந்தத் துகள்கள் ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. மூடிய சமையலறையில் விறகு எரிந்தால் அது பல நூறைத் தொடும். பெரியவர்களுக்கு நாள்பட்ட மூச்சடைப்பு நோய், கண்புரை, குழந்தைகளுக்கு நிமோனியா எல்லாம் இந்தப் புகையோடு தொடர்புள்ளவை.

ஆனால் கூட்டுக்குடும்பத்துக்கு வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, அறுவடைக்குப் பின் நெல் அவிப்பது, வீட்டு விசேஷம் என்று பெரிய பாத்திரம் ஏறும் வீடுகளில் காஸ் கட்டுப்படியாகாது. தோப்பில் மட்டையும் பாளையும் சும்மா கிடக்கும். அந்த வீடுகளுக்குத்தான் இந்தப் பக்கம். ருசிக்காக வேண்டும் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை; புகைபோக்கி மட்டும் வைக்கச் சொல்கிறேன்.

2. எந்த இடத்தில் கட்டலாம்? சமையலறைக்குள்ளேயா, பின்னாலா?

பின்கட்டில், மேலே கூரையும் இரண்டு பக்கமாவது திறப்பும் உள்ள தாழ்வாரம் உத்தமம். அடுப்பு வாய்க்கு முன்னால் மூன்றடி வெற்றிடம் வேண்டும். அதிலும் ஒன்றரை அடிக்குத் தரை செங்கல்லாகவோ கல்லாகவோ இருக்க வேண்டும். கங்கு தெறித்து விழுவது அங்கேதான். மரக்கதவு, திரைச்சீலை, பிளாஸ்டிக் கூடை, விறகுக் குவியல் எதுவும் அடுப்பிலிருந்து மூன்றடிக்குள் வேண்டாம். வைக்கோல் போர் இருக்கும் பக்கத்தையே மறந்துவிடுங்கள்.

காற்றைப் பார்த்து வாயைத் திருப்புங்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று அடிக்கும் ஊர்களில் மேற்கு பார்த்த வாய் வைத்தால், தீ பாத்திரத்தின் அடியில் நிற்காது. பொறி பின்னால் பறக்கும். வாஸ்து ஒரு திசை, காற்று ஒரு திசை என்றால் காற்றின் பக்கம் ஒரு மறைப்புச் சுவர் எழுப்பி இரண்டையும் சமாளிக்கலாம்.

3. காஸ் அடுப்பு இருக்கும் மேடையிலேயே ஓரமாக ஒரு விறகு அடுப்பு வைக்கலாமா?

கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து போய்த் தாழ்வான இடத்தில் தேங்கும். காஸ் அடுப்பைத் திருகி அணைத்துவிடலாம். விறகு அடுப்பில் தணல் மணிக்கணக்கில் கண் விழித்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவராவது வேண்டும், உபரி சிலிண்டருக்கும் சேர்த்துத்தான்.

4. ஜன்னல் திறந்துதானே இருக்கிறது, புகைபோக்கி கட்டாயமா?

ஜன்னல் வழியாகப் போகும் புகை, சமைப்பவர் முகத்தைக் கடந்துதான் போகிறது. புகைபோக்கி, தீயின் பின்புறத்திலேயே புகையைப் பிடித்துக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. சூடான காற்று லேசானது. குழாய்க்குள் அது மேலே ஏறும்போது அடுப்பு வாய் வழியாகப் புதுக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த இழுப்பு இருந்தால் தீயும் நன்றாக எரியும், ஊதுகுழலுக்கும் வேலை குறையும்.

அடுப்பைக் கட்டுவது அரைநாள் வேலை, எந்தக் கொத்தனாரும் கட்டிவிடுவார். புகை போகும் வழியைச் சரியாகக் கட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு மூலக்காரணமும் அதுதான்.

5. குழாய் எத்தனை அங்குலம், எவ்வளவு உயரம்?

வீட்டு அடுப்புக்கு உள்விட்டம் 4 அங்குலம் போதும். அண்டா ஏறும் பெரிய அடுப்புக்கு 6 அங்குலம். உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும், 10 அடி தூரத்துக்குள் இருக்கும் கூரை முகடு, தண்ணீர்த் தொட்டி, மாடிச் சுவர் எதைவிடவும் 2 அடி உயரமாக இருக்க வேண்டும். குட்டைக் குழாயில் இழுப்பு இருக்காது, பக்கத்துச் சுவரில் மோதித் திரும்பும் காற்று புகையைக் கீழேயே தள்ளும்.

நேராக ஏறுவது நல்லது. வளைக்கத்தான் வேண்டும் என்றால் 45 பாகை வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். சுவரைத் தாண்டப் படுக்கையாக ஓட்டும் நீளம் மிகக் குறைவாக இருக்கட்டும். மழைக்குத் தொப்பி வையுங்கள், ஆனால் தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் நடுவில் குழாயின் அகலம் அளவுக்காவது இடைவெளி விடுங்கள். குழாயின் அடியில், கை நுழையும் அளவுக்கு மூடியுள்ள ஒரு துப்புரவு வாய் கட்டாயம். கொத்தனார்கள் மறப்பது இதைத்தான்.

6. போர்வெல்லுக்கு வாங்கிய பிவிசி குழாய் மிச்சம் இருக்கிறது. அதையே போட்டுவிடலாமா?

வேண்டாம். பிவிசி 80 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளகிவிடும், எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் வாயு வரும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் விலை கூடுதல், ஆனால் அதிகக் காலம் நிற்கும். குயவரிடம் சொல்லிச் செய்யும் சுடுமண் குழாயும் அருமையானது. இணைப்புகளைக் களிமண் வைத்துப் பூசி, வெளியே செங்கல் வைத்துக் கட்டினால் அசையாது. ஜிஐ குழாய் என்றால் அடுப்பை ஒட்டிய முதல் மூன்றடிக்கு அதைப் போடாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு 420 டிகிரியில் உருகும், அந்தப் புகையும் நல்லதல்ல. அந்த மூன்றடிக்குப் பூச்சில்லாத கனமான இரும்புக் குழாயோ சுடுமண்ணோ வைத்து, அதற்கு மேல் ஜிஐ போடலாம். ஆஸ்பெஸ்டாஸ் குழாயைப் பற்றிக் கடைசிக் கேள்வியில்.

7. கூரையைத் துளைத்தால் ஒழுகுமே, தீப்பிடிக்குமே? எங்கள் வீடு ஓட்டு வீடு.

ஓட்டு வீட்டில் ஓடு எரியாது, அதைத் தாங்கும் ரீப்பரும் சட்டமும் எரியும். மரம் ஒரேயடியாகப் பற்றாது. பல மாதம் சூட்டில் காய்ந்து கருகி, ஒருநாள் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அதனால் ஒற்றைச் சுவர் இரும்புக் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவில் 18 அங்குலம் விட வேண்டும். அந்த இடத்து ரீப்பரை வெட்டி, குறுக்கே இரும்புக் கோணச் சட்டம் கொடுத்து, ஓட்டுக்குப் பதில் துளையிட்ட தகடு வைப்பார்கள். குழாயைச் சுற்றி ஒரு தகட்டுப் பாவாடை வைத்தால் தண்ணீர் உள்ளே இறங்காது.

கான்கிரீட் தளமாக இருந்தால், குழாயைவிட நான்கு அங்குலம் அகலமான இரும்பு உறை ஒன்றைத் தளத்தில் பதித்து அதற்குள் குழாயை விடுங்கள். நடுவில் இருக்கும் சந்தில் ராக்வூல் என்ற எரியாத கனிமப் பஞ்சை அடைக்கலாம். தெர்மோகோலும் நுரைப்பசையும் கூடாது.

கீற்று, பனையோலைக் கூரையைத் துளைக்கவே வேண்டாம். அடுப்பைக் கூரையிலிருந்து தள்ளித் தனிக் கொட்டகையில் தகரத்துக்குக் கீழே கட்டுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையும் சூடேறினால் சத்தத்தோடு வெடித்துச் சிதறும்.

8. அடுப்பை சிமெண்டில் கட்டினால் காலத்துக்கும் இருக்குமே?

தீ படும் இடத்தில் இருக்காது. சிமெண்ட் சூட்டில் வலுவிழந்து உதிரும், கான்கிரீட் பொறிந்து தெறிக்கும். கிரானைட் மேடை மேல் நேராகத் தீ வைத்தால் கல் விரிசல் விடும். மேடையும் கால்களும் சிமெண்டில் இருக்கட்டும். தீக்குழிக்கு நெருப்புச் செங்கல்லோ நன்றாகச் சுட்ட நாட்டுச் செங்கல்லோ வைத்து மண்சாந்தில் கட்டுங்கள்.

மண்சாந்துக்குக் களிமண் அல்லது புற்றுமண், அதோடு மணல், உமியோ பொடியாக நறுக்கிய வைக்கோலோ. தண்ணீர் விட்டு மிதித்து, ஈரச் சாக்கு போட்டு மூடி நாலைந்து நாள் புளிக்க விட வேண்டும். கையில் உருட்டிய உருண்டை காயும்போது வெடித்தால் மணல் போதவில்லை, உதிர்ந்தால் களி போதவில்லை. கட்டியபின் நிழலில் காயட்டும். முதல் தீ சுள்ளித் தீயாக அரைமணி நேரம், மறுநாள் கொஞ்சம் அதிகம். அவசரப்பட்டு முதல் நாளே கட்டை வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அடுப்பைப் பிளந்துவிடும். நூல் விரிசல்களுக்குப் பயப்பட வேண்டாம். வாரம் ஒருமுறை சாணம் கலந்த மண்ணால் மெழுகும்போது அவை அடைந்துவிடும்.

9. கொடியடுப்பில் பாத்திரம் வைக்காத நேரத்தில் என்ன செய்வது?

முதல் குழியைக் கடந்து வரும் அனல், பக்கத்துக் குழியான கொடியடுப்பைச் சுட்டுவிட்டுப் பிறகு புகைபோக்கிக்குப் போகிறது. அந்தக் குழி திறந்திருந்தால் குழாய் அங்கிருந்து வெறுங்காற்றை இழுத்துக்கொள்ளும். தீ மந்தமாகும், புகை வாய் வழியாகத் திரும்பும். தண்ணீர் நிரப்பிய ஒரு பாத்திரத்தை எப்போதும் அதன் மேல் வைத்திருங்கள், வெந்நீரும் கிடைக்கும். இல்லையென்றால் வார்ப்பிரும்பு மூடி.

புகைபோக்கியுள்ள அடுப்பில் குழியைச் சுற்றிக் குமிழ் வைக்கக் கூடாது. குமிழ்கள் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்து நாலாபக்கமும் புகையை விடும். குழியின் விளிம்பில் பாத்திரம் இறுக உட்கார வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ‘அஸ்திரா’ குழு 1980களில் உருவாக்கிய மூன்று குழி அடுப்பு விறகை மிச்சப்படுத்தியதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, விறகுக்கு அடியில் காற்று போக வைத்த இரும்புச் சல்லடை. உங்கள் அடுப்பிலும் அந்தச் சல்லடை இருக்கட்டும்.

10. எல்லாம் சொன்னபடி கட்டியும் புகை வீட்டுக்குள்ளேதான் வருகிறது. ஏன்?

பற்றவைத்த முதல் பத்து நிமிடம் மட்டும் வந்தால் குழாய் குளிர்ந்திருக்கிறது என்று பொருள். துப்புரவு வாயைத் திறந்து, ஒரு தாளைக் கொளுத்தி உள்ளே வைத்து மூடுங்கள். குழாய் சூடாகி இழுக்கத் தொடங்கியபின் அடுப்பைப் பற்றவையுங்கள். எப்போதும் வந்தால் முதலில் கொடியடுப்பையும் பாத்திரங்கள் உட்காரும் விளிம்பையும் பாருங்கள் (9-ஆம் கேள்வி). அடுத்து குழாய் அடைப்பு, அதற்கடுத்து உயரம். காற்றடிக்கும் நாளில் மட்டும் வந்தால் உயரம்தான் குற்றவாளி.

வாய் நிறைய விறகைத் திணிப்பதும் ஒரு காரணம். விறகின் மேல்பக்கம் வாயில் மூன்றில் ஒரு பங்காவது வெற்றிடம் தெரிய வேண்டும். ஒரு சோதனை: எரியும் ஊதுபத்தியை அடுப்பு வாயருகே பிடியுங்கள். அதன் புகை உள்ளே சாய்ந்தால் குழாய் வேலை செய்கிறது. நிமிர்ந்தே நின்றாலோ உங்கள் பக்கம் சாய்ந்தாலோ வழியில் எங்கோ தடை.

11. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனும் போட்டால் இன்னும் நல்லதுதானே?

ஜன்னலை மூடிவிட்டு ஃபேனைப் போட்டால் நிலைமை தலைகீழாகும். ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வர வேண்டும். திறந்திருக்கும் ஒரே வழி புகைபோக்கி என்றால் புகை அதன் வழியாகவே கீழே இறங்கும். மின்சாரச் ‘சிம்னி’க்கும் இதே விதி. விறகு எரியும்போது ஃபேனை நிறுத்துங்கள், அல்லது கதவையும் ஜன்னலையும் அகலத் திறந்துவையுங்கள். தணல் இருக்கும்வரை இது பொருந்தும். அப்போது புகை தெரியாது, கார்பன் மோனாக்சைடு மட்டும் வந்துகொண்டிருக்கும்.

12. எந்த விறகு நல்லது?

காய்ந்த விறகு. மரத்தின் பெயர் அதற்குப் பிறகுதான். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதைக் காய்ச்சி ஆவியாக்கவே தீயின் பலம் செலவாகும், மிச்சம் புகை. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டைகளின் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடிவைத்தால் ஒரு முழுக் கோடை போதும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் ஆரம்போல வெடிப்பு ஓடும். இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். எரியும்போது முனையில் நுரை தள்ளினால் அது இன்னும் காயவில்லை.

சவுக்கு, புளி, கருவேலம், வேம்பு நின்று எரியும். தென்னை மட்டை குப்பென்று எரிந்து அடங்கும், பற்றவைக்க நல்லது. முருங்கையை அடுப்புக்குக் கொண்டுவராதீர்கள். அரளி கூடவே கூடாது. அதன் புகையும் நஞ்சு. பிச்சாவரம் பக்கத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும், புகையும் ஆகாது. பண்ருட்டி பக்கம் மலிவாகக் கிடைக்கும் முந்திரிக்கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய், புகையாகும்போது கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பழைய ரயில் கட்டை மூன்றும் பசை, ஈயம், தார் எண்ணெய் என்று ஏதாவது ஒன்றைப் புகையில் சேர்க்கும்.

13. சீமைக்கருவேலம் எரித்தால் விஷவாயு வரும் என்கிறார்களே?

அந்த மரத்துக்கென்று தனி விஷவாயு எதுவும் இல்லை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டம் போடுகிறவர்களின் பிழைப்பே அதுதான். கனமான மரம், நல்ல சூடு, நீண்ட நேரத் தணல். அதன் புகையும் மற்ற விறகுப் புகையைப் போலக் கெடுதலானது, அவ்வளவுதான். அந்த மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறதா என்ற சண்டையை அடுப்புக்குள் இழுக்க வேண்டியதில்லை. முள்ளைக் கழித்துவிட்டு அடுக்குங்கள்.

14. பற்றவைக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு பாலிதீன் பை. இதில் என்ன கெட்டுவிடும்?

சூடான அடுப்பில், தணல் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினால் அது முதலில் ஆவியாகிப் பிறகு ஒரே மூச்சில் பற்றும். தீ கேனுக்குத் திரும்பும். பெட்ரோல், ஸ்பிரிட் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிளாஸ்டிக் எரியும் புகையில் டையாக்ஸின் போன்ற நஞ்சுகள் இருக்கின்றன, அதன் பிசின் குழாய்க்குள்ளும் ஒட்டும். தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, காய்ந்த பாளை, நார், சிராய்த்தூள் இவற்றில் பற்றாத அடுப்பு என்றால் விறகு ஈரமாக இருக்கிறது.

15. புகைபோக்கியை எப்போது, எப்படிச் சுத்தம் செய்வது?

தினமும் எரிகிற அடுப்புக்கு மாதம் ஒருமுறை துப்புரவு வாயைத் திறந்து பாருங்கள். உள்சுவரில் கரி மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறியிருந்தால் துடைக்கும் நேரம். அடுப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும்; முந்தின நாள் இரவோடு அணைத்துவிட்டு மறுநாள் காலையில் இறங்குங்கள். அடுப்பு வாயையும் குழிகளையும் ஈரச் சாக்கால் மூடி, கயிற்றின் நுனியில் கம்பிப் பிரஷ்ஷோ இறுகக் கட்டிய சாக்குப் பந்தோ கட்டி, நடுவில் ஒரு கல்லையும் வைத்து, மேலிருந்து இறக்கி ஏற்றுங்கள். பொலபொலவென்று உதிரும் கரியைத் துப்புரவு வாய் வழியாக அள்ளிவிடலாம். முகக்கவசம் போடுங்கள். ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள்.

1980களில் தொடங்கி 2002 வரை மத்திய அரசுத் திட்டத்தில் நாடு முழுவதும் ‘புகையில்லா அடுப்பு’ கட்டிக்கொடுத்தார்கள். அவற்றில் பல, சில வருடங்களிலேயே புகைகிற அடுப்பாகி இடிக்கப்பட்டன. கட்டிக்கொடுத்தவர்கள் திரும்பி வரவில்லை, குழாயைத் துடைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. நல்ல வடிவமைப்பு ஒன்று துடைப்பம் இல்லாமல் தோற்றது.

16. குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும் என்பது உண்மையா?

உண்மை. ஈர விறகு மந்தமாக எரிந்தால் அதன் தார் குழாய்க்குள் படிந்து கறுப்பாகப் பளபளக்கும். அது எரியக்கூடியது. பற்றினால் ‘கும்’மென்ற இரைச்சல் கேட்கும், மேலே தீ நாக்கு தெரியும், இரும்புக் குழாய் சிவக்கும்.

உடனே அடுப்பு வாயையும் குழிகளையும் ஈரச் சாக்கால் அடைத்துக் காற்றை நிறுத்துங்கள். எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள். குழாயின் மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆவி பொங்கும், சுடுமண் குழாய் பிளக்கும். அணைந்தபின் ஒவ்வொரு இணைப்பையும் கொத்தனாரை வைத்துப் பார்க்காமல் மறுபடி பற்றவைக்கக் கூடாது.

17. கோத்தகிரியில் வீடு. வரவேற்பறையில் குளிருக்குக் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு பொருத்தலாமா?

பொருத்தலாம், திறந்த கணப்பைவிட அது மேல். திறந்த கணப்பில் பெரும்பகுதிச் சூடு புகைபோக்கியோடு போய்விடும். நீலகிரி, கொடைக்கானல் பழைய பங்களாக்களில் தரையும் கூரையும் மரம் என்பதால் 7-ஆம் கேள்வியின் இடைவெளி இங்கே இன்னும் முக்கியம். தயாரிப்பாளர் கொடுத்த அளவு இல்லையென்றால் அடுப்பின் எல்லாப் பக்கமும் 3 அடி விடுங்கள், கீழே கல் தளம் போடுங்கள். பழைய கணப்பின் புகைபோக்கியிலேயே இணைப்பதானால் முதலில் அது அடைத்திருக்கிறதா, உள்ளே பறவைக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை இறக்க வேண்டும்.

இரவு முழுக்க எரியட்டும் என்று காற்று வழியை இறுக மூடிவிட்டுப் படுப்பதுதான் மலையில் நடக்கும் பெரிய தப்பு. தீ மூச்சுத் திணறினால் தாரும் (16-ஆம் கேள்வி) கார்பன் மோனாக்சைடும் கூடும். விறகைப் பொறுத்தவரை ஒன்று: 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் இடங்களில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும்.

18. புகையே வராத கரியைச் சட்டியில் போட்டுப் படுக்கையறையில் வைத்தால் என்ன?

சாவீர்கள். இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. அறைக்குள் கரி அடுப்பை வைத்துப் படுத்து இறந்தவர்களைப் பற்றிய செய்தி கொடைக்கானலிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வந்திருக்கிறது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலித்தால் ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து, 108-ஐ அழையுங்கள்.

பார்பிக்யூ அடுப்பை மிஞ்சிய கங்கோடு அறைக்குள் எடுத்துவருவதும் இதே ஆபத்துதான். விறகு அடுப்பு உள்ள மலை வீட்டில் படுக்கையறைக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி வையுங்கள்.

19. ராத்திரி தண்ணீர் தெளித்துவிட்டால் போதுமா? சாம்பலை எங்கே கொட்டுவது?

மேலே கறுத்திருக்கும், அடியில் கங்கு இருக்கும். சாம்பல் போர்த்திய கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடிருக்கும். எரியும் கட்டையை வெளியே இழுத்து மண்ணில் புதைத்து அணையுங்கள். சூடான அடுப்புக்குள் தண்ணீரைக் கொட்டினால் செங்கல் வெடிக்கும், ஆவி கையைச் சுடும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டைவிட்டுத் தள்ளி மண் தரையில் வையுங்கள். பிளாஸ்டிக் வாளி, குப்பைத்தொட்டி, எருக்குழி மூன்றும் வேண்டாம். காற்றடித்தால் எருக்குழியிலிருந்து வைக்கோல் போர் வரை தீ நடந்து போகும்.

முழுதாக ஆறிய சாம்பல் பாத்திரம் துலக்கவும், அமிலத்தன்மையுள்ள தோட்ட மண்ணுக்குப் போடவும் ஆகும். உங்கள் மண் ஏற்கெனவே உவர் என்றால் போடாதீர்கள்.

20. அம்மா நைட்டியோடு அடுப்பங்கரையில் நிற்கிறார். பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. நைலான், பாலியெஸ்டர் துணி எரிவதோடு உருகித் தோலில் ஒட்டும். பருத்தித் துணி, இழுத்துச் செருகிய முந்தானை, முடிந்த கூந்தல். தரை அடுப்பைவிட இரண்டரை அடி மேடை அடுப்பு இதற்கும் நல்லது, தவழும் குழந்தைக்கும் நல்லது. கொதிக்கும் வெந்நீரைத் தரையில் இறக்கி வைக்கும் வழக்கத்தையும் மாற்றச் சொல்லுங்கள். அடுப்பருகே ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் மூடியால் மூட வேண்டும், தண்ணீர் கூடாது.

துணியில் பற்றினால் ஓடக் கூடாது. கீழே படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். இங்க், பற்பசை, நெய் எதையும் தடவாதீர்கள். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதானாலோ, முகத்திலோ மூட்டிலோ பட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

21. கடையில் விற்கும் ராக்கெட் அடுப்பு வாங்கினால் இந்த வேலையெல்லாம் மிச்சமாகுமா?

நெட்டுக்குத்தான குழாய்க்குள் தீயை எரிக்கும் ராக்கெட் அடுப்பு சுள்ளியை நன்றாக எரிக்கும், விறகு குறைவாகத் தின்னும். ஆனால் பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கி கிடையாது. அதனால் முற்றத்தில் வைத்து எரிக்கலாம், சமையலறைக்குள் கொண்டுபோக முடியாது. சமமான தரையில் வைத்துப் பாருங்கள். நிறைந்த குக்கர் ஏறினால் தள்ளாடுகிற அடுப்பு வேண்டாம். மெல்லிய ஒற்றைத் தகட்டு அடுப்பும் வேண்டாம், தொட்டால் தோல் போகும்.

22. புகை இருந்தால்தான் கூரையில் பூச்சி வராது, கொசுவும் வராது என்கிறார் பாட்டி.

பாட்டி சொல்வது பொய்யல்ல. புகை படிந்த கீற்றைப் பூச்சி அவ்வளவாக அரிக்காது. அடுப்புக்கு மேலிருக்கும் பரணில் விதையும் புளியும் கெடாமல் இருந்ததும் அதனால்தான். ஆனால் அந்தப் பரணுக்குக் கீழே உட்கார்ந்து இருமியதும் பாட்டிதான். கீற்றை ஐந்து வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம். கொசுவுக்கு வலை இருக்கிறது.

23. பழைய அடுப்பில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் இருக்கிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம். உடைத்து எடுத்துவிடலாமா?

உடைக்காமல் எடுக்க வேண்டும். முன்பெல்லாம் இந்த அடுப்புகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்தான் போட்டார்கள், விலை மலிவு. அது முழுதாக நிற்கும்வரை தொந்தரவு குறைவு. உடைத்தாலோ கிரைண்டரால் அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கும். அவை நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

குழாயை நன்றாகத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். இணைப்பைச் சுற்றியுள்ள சாந்தைக் கையுளியால் மெதுவாகத் தட்டி எடுத்து, குழாயை முழுதாக இறக்கி, ஈரத்தோடு கனமான பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். வேலை செய்பவருக்கு பி100 வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும்; என்95 இதற்குப் போதாது. அன்று உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்கட்டும். கீழே விழுந்த தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து அதே மூட்டையில் போடுங்கள். செடிக்குத் தொட்டியாகலாம், வாய்க்காலுக்கு மதகாகலாம் என்று யாராவது அந்தக் குழாயைக் கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள், உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லி அப்புறப்படுத்துங்கள்.